லைப்ரரி பற்றி எங்கட ஆக்கள் திரும்பத் திரும்பக் கேக்கிற கேள்விகள்

களுவாஞ்சிகுடிப் பக்கம் லைப்ரரி வாசகர் வட்டத்துல இருக்கிறதால சந்தையில கண்டாலும் கோயில் திருவிழாவுல கண்டாலும் ஆக்கள் என்னட்ட கேக்கிறது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். மட்டக்களப்பு டவுன்ல இருந்தும் கேக்காங்க, கல்முனை அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து போன் எடுத்தும் கேக்காங்க. ஒரே இடத்துல எழுதி வச்சா கேக்கத் தயங்குறவங்களுக்கும் உதவும் எண்டுதான் இது. கேள்விகள அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கன்.

மெம்பர் ஆகுறதுக்கு என்னென்ன வேணும்? பெரிய அலைச்சலா?

அலைச்சல் இல்ல. எங்கட பொது நூலகங்கள நடத்துறது மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை, இந்த மூண்டுல ஒண்டு. அதால விதி சபைக்குச் சபை கொஞ்சம் மாறும். பொதுவா ஒரு போர்ம், ஐடென்டி கார்ட் கொப்பி, அந்தச் சபை எல்லைக்குள்ளதான் இருக்கிறீங்க எண்டு ஜிஎஸ்ட (கிராம சேவகர்ட) உறுதி, புறகு பிணைக்கு ஒராள். பிணைக்கு அரசாங்க வேலை செய்றவரோ சபைக்கு வீடு வளவுக்கான சோலைவரி கட்டுறவரோ வேணும் எண்டு கேப்பாங்க. எல்லைக்கு வெளிய இருந்தா டிபோசிட் கேக்கிற இடமும் இருக்கு.

சின்னாக்கள தாய் தகப்பன் கையெழுத்தோட சிறுவர் பகுதியில சேர்க்கலாம். போர்ம எடுத்துட்டு வந்து அலுமாரிக்குள்ள வச்சிட்டு மறந்துபோற ஆக்கள்தான் கன, எடுத்த அண்டைக்கே நிரப்பிக் குடுத்துருங்க.

மெம்பர் ஆகாம சும்மா உள்ள போய் இருக்க ஏலுமா? வாசல்ல மறிப்பாங்களா?

தாராளமாப் போகலாம். வீட்ட கொண்டு போறதுக்குத்தான் மெம்பர் கார்ட். வீரகேசரி, தினகரன், தினக்குரல் வாசிக்கிறதுக்கும், வெள்ளிக்கிழமை வர்த்தமானில வேலை வாய்ப்புப் பாக்கிறதுக்கும், உசாத்துணைப் பகுதியில அகராதி புரட்டுறதுக்கும் ஒண்டும் தேவையில்ல. உள்ள போனதும் ஒரு புத்தகத்துல பேர் எழுதிக் கையெழுத்து வைக்கச் சொல்லுவாங்க, அத மட்டும் செய்ங்க. எத்தன ஆக்கள் வாறாங்க எண்டு காட்டுறதுக்கு லைப்ரரியன்ட கையில இருக்கிற ஆதாரம் அந்தக் கையெழுத்துத்தான், ஏன் முக்கியம் எண்டு கடைசிக் கேள்வியில வரும்.

பொது நூலகம் பற்றி யுனெஸ்கோவுல ஒரு பிரகடனம் இருக்கு, 1949ல முதல் வந்து 1972, 1994, 2022 எண்டு மூண்டு தரம் புதுப்பிச்சிருக்காங்க. வயசு, இனம், ஆண் பெண், சமயம், மொழி, அந்தஸ்து ஒண்டும் பாக்காம எல்லாருக்கும் சமமாத் திறந்திருக்கணும் எண்டதுதான் அதுட அடிப்படை. சாரத்தோட வாற வயல்காரருக்கும் டை கட்டி வாற மேனேஜருக்கும் அங்க ஒரே கதிரைதான்.

எல்லாம்தான் போன்ல கிடக்கே, இன்னும் எதுக்கு லைப்ரரி?

இந்தக் கேள்விதான் கூட வாறது, அதால கொஞ்சம் நீட்டிச் சொல்றன். போன்ல கன விசயம் கிடக்கிறது உண்மை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்துட இணையத்தளத்துல பாடசாலைப் புத்தகங்கள் தமிழ்லயே பிடிஎஃப்பா இருக்கு, வர்த்தமானியும் இருக்கு, பாஸ் பேப்பரும் இருக்கு. ஆனா அந்தப் போன் யாருட கையில இருக்கு எண்டு பாருங்க. ஒரு வீட்டுல ஒரு நல்ல போன், மூண்டு புள்ளயள், அதையும் தகப்பன் கடலுக்கோ வேலைக்கோ கொண்டு போயிருவார், பின்னேரம் வந்தா டேட்டா முடிஞ்சிருக்கும். 2020ல பள்ளிக்கூடம் பூட்டி ஒன்லைன்ல படிப்பிச்ச நேரம் இது எல்லாருக்கும் வெளிச்சமாத் தெரிஞ்ச, புறகு மறந்து போச்சி.

அடுத்தது, இப்ப அரசாங்க வேலை கனக்க ஒன்லைன்லதான். கேம்பஸுக்கு அப்ளை பண்றதும் ஒன்லைன், தனிப்பட்ட பரீட்சார்த்தி சோதினைக்குப் போடுறதும் ஒன்லைன். எங்கட ஆக்கள் என்ன செய்றாங்க எண்டா நேரா கொமியூனிகேசன் கடைக்குப் போறாங்க, அங்க இருக்கிற தம்பி காசி வாங்கிட்டு நிரப்பிக் குடுப்பார், ஈமெயிலும் அவர்தான் திறப்பார், பாஸ்வேர்டும் அவருட கொப்பியிலதான் இருக்கும். அவர குறை சொல்லல, அவர் அவருட தொழிலச் செய்றார், ஆனா ஏஎல் முடிச்ச ஒரு புள்ளைக்கு தன்ட அப்ளிகேசன தானே நிரப்பப் பழக்கிற இடம் ஊருக்குள்ள ஒண்டு வேணுமா இல்லையா? கொம்பியூட்டரும் இணையமும் பக்கத்துல கேக்க ஒராளும் இருக்கிற லைப்ரரி அந்த இடமா மாறுது. எல்லா லைப்ரரியிலயும் இது இல்ல, உங்கட ஊர்ல இருக்கா எண்டு கேளுங்க, இல்லாட்டி ஏன் இல்ல எண்டும் கேளுங்க.

புத்தகம் இரவல் எடுக்கிறது குறைஞ்சிதான் இருக்கு, அத மறைக்கத் தேவையில்ல. நான் சொல்றது, லைப்ரரிக்குத் தேவை குறையல, தேவை மாறியிருக்கு. இரவல் போன புத்தகத்த மட்டும் எண்ணிட்டு ஆள் வாறதில்ல எண்டு சொல்றவங்க சோதினைக் காலத்துல ஒருக்கா வாசிப்பு மண்டபத்துல எட்டிப் பாக்கணும்.

ஏஎல் புள்ளயள் சொந்தப் புத்தகத்தையும் நோட்ஸையும் கொண்டு வந்து நாள் முழுக்க கதிரைய புடிச்சிக்கிறாங்க, இது லைப்ரரியா ஸ்டடி ஹோலா?

இத ஒரு ரிட்டயர்ட் சேர் கொஞ்சம் கோவமாத்தான் கேட்டார், அவருக்கு பேப்பர் வாசிக்க இடமில்ல. அவருட கோவம் நியாயம். ஆனா அந்தப் புள்ளயள் ஏன் வாறாங்க எண்டும் பாக்கணும். வீட்டுல ரெண்டு அறை, ஒண்டுல டிவி, பக்கத்துல பெட்டிக்கடை, ரோட்டுல கோயில் ஸ்பீக்கர். மேசையும் பேனும் அமைதியும் காசில்லாமக் கிடைக்கிற வேற இடம் எங்கட ஊருகள்ல எனக்குத் தெரிய இல்ல. டியூசனுக்குக் காசி கட்ட ஏலாத புள்ள நாலு பேர் சேர்ந்து படிக்கிறதும் அங்கதான். பொம்புளப் புள்ளயள வீட்டுல இருந்து தனிய எங்கயும் விட மாட்டாங்க, லைப்ரரிக்கு எண்டா விடுவாங்க, இது எவ்வளவு பெரிய விசயம் எண்டு பொம்புளப் புள்ள வச்சிருக்கிற ஆக்களுக்குத் தெரியும்.

அதால இது லைப்ரரிதான், லைப்ரரிட வேலைதான். செய்ய வேண்டியது புள்ளயள வெளிய அனுப்புறது இல்ல, சோதினைக் காலத்துல படிக்கிறதுக்கு வேற அறை இல்லாட்டி வேற நேரம் ஒதுக்குறது, பேப்பர் மேசைய வயசானாக்களுக்கெண்டு விட்டு வைக்கிறது. பின்னேரம் ரெண்டு மணித்தியாலம் கூடத் திறந்தா பாதிப் பிரச்சினை தீரும்.

சின்னப் புள்ளயக் கூட்டிட்டுப் போனா சத்தம் போடுமே, ஏசுவாங்களா?

சிறுவர் பகுதி வேறயா இருந்தா ஏச மாட்டாங்க. பள்ளிக்கூடம் போகாத புள்ளைக்கு படம் உள்ள புத்தகத்த நீங்களே சத்தமா வாசிச்சிக் காட்டுங்க, அதுக்குத்தான் அந்த இடம். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம், கதை சொல்றது, சித்திரப் போட்டி, புத்தகக் கண்காட்சி எண்டு வைப்பாங்க, முதல் முதலாக் கூட்டிட்டுப் போக நல்ல நேரம் அதுதான். புலமைப்பரிசில் சோதினைக்குப் படிக்க வைக்க மட்டும் கூட்டிட்டுப் போகாதீங்க அம்மாமாரே, புள்ள விரும்புற புத்தகத்த எடுக்க விடுங்க.

புத்தகத்துட முதுகுல ஒட்டியிருக்கிற நம்பர் என்ன? எனக்குத் தேடத் தெரியாது, கேக்க வெட்கமாயிருக்கு.

வெட்கப்படாதீங்க, கேட்டாச் சொல்றதுதான் லைப்ரரி ஆக்கள்ட வேலை. அந்த நம்பர் டூயி எண்டவர் 1876ல வெளியிட்ட தசாம்ச வகுப்பு முறை, உலகத்துல எல்லா அறிவையும் 000ல இருந்து 999க்குள்ள பிரிச்சது. 510 கணிதம், 610 வைத்தியம், 630 விவசாயம், 641.5 சமையல், 294.5 இந்து சமயம், 297 இஸ்லாம், 954.93 இலங்கை வரலாறு. தமிழ் இலக்கியம் 894.811, தமிழ் மொழியும் இலக்கணமும் 494.811. இதுகள்ல உங்களுக்குத் தேவையான ரெண்டு மூண்ட மனசுல வச்சா இந்த முறை பாவிக்கிற எந்த நாட்டு லைப்ரரியிலயும் நேரா அந்த ராக்கைக்குப் போகலாம், ஒரு வேலியோ படலையோ உங்கள மறிக்காது.

நூலக உலகத்துல பெரிய பேர் எங்கட மொழிக்காரர் ஒருத்தருக்கு இருக்கு, சீர்காழியில 1892ல பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். எங்கட காரைதீவு விபுலானந்த அடிகளாரும் அதே 1892தான். ரங்கநாதன் 1931ல நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார். புத்தகம் பாவிக்கிறதுக்கு, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதுக்கான வாசகர், வாசகர்ட நேரத்த மிச்சம் பிடி, நூலகம் வளர்ற உயிர். முதலாவது விதிய சில இடங்கள்ல இன்னும் மதிக்கிறதில்ல, நல்ல புத்தகங்கள கண்ணாடி அலுமாரியில போட்டுப் பூட்டித் திறப்ப ஒபிஸ்ல வச்சிருக்காங்க. அப்படி இருந்தா திறந்து தரச் சொல்லிக் கேளுங்க.

மட்டக்களப்பு பற்றின பழைய புத்தகங்கள் எங்க கிடைக்கும்? கடையில இல்லையே.

முதல்ல உங்கட ஊர் லைப்ரரியில உள்ளூர் தொகுப்பு இருக்கா எண்டு கேளுங்க. கோயில் மலர், பள்ளிக்கூட ஆண்டு மலர், உள்ளூர் கவிதைப் புத்தகம் எண்டு வேற எங்கயும் இல்லாத சாமான் அங்க கிடக்கும். வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்துலயும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்துலயும் அனுமதி எடுத்துப் பாக்க ஏலும், முன்கூட்டியே கேட்டுட்டுப் போங்க.

இணையத்துல எண்டா நூலகம் நிறுவனம். 2005ல தொடங்கின, இலங்கைத் தமிழ் பேசுற ஆக்கள்ட புத்தகம், சஞ்சிகை, பத்திரிகை, துண்டுப் பிரசுரம் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிக் காசில்லாம வச்சிருக்காங்க. வி. சீ. கந்தையாட மட்டக்களப்புத் தமிழகம் மாதிரி 1964ல வந்த புத்தகத்தத் தேடி அலையிற ஆக்கள் அங்க ஒருக்கா பாக்கணும். சங்க இலக்கியம் மாதிரிப் பழசெண்டா 1998ல தொடங்கின மதுரைத் திட்டம் எண்ட இணையத்தளத்துல இருக்கு.

அப்ப ஸ்கேன் பண்ணினாப் போதுமே, பழைய புத்தகங்கள எதுக்கு இடத்த அடைச்சிட்டு வச்சிருக்கிற?

ரெண்டும் வேணும். 1981ல யாழ்ப்பாணம் நூலகம் எரிஞ்ச நேரம் கிட்டத்தட்ட 97,000 புத்தகமும் ஏடும் போச்சி, அதுல வேற கொப்பி இல்லாததும் இருந்த, அதெல்லாம் போனது போனதுதான். எங்கட பக்கம் 1978 நவம்பர் சூறாவளி, 2004 டிசம்பர் 26 சுனாமி, மறுகா 2011 ஜனவரி வெள்ளம். சுனாமியில இலங்கையிலயே கூட உயிர் போன மாவட்டம் அம்பாறை, அந்த நேரம் வீடு வீடாப் போன போட்டோ, கொப்பி, கையெழுத்துப் பிரதி எவ்வளவு எண்டு ஒருத்தரும் கணக்கெடுக்கல. அதால எங்கட கரைக்கு ஸ்கேன் கொப்பி கட்டாயம் வேணும்.

ஆனா ஸ்கேன் மட்டும் இருந்தா கரண்ட் இல்லாத நாள் ஒண்டும் இல்ல, 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின காலம் ஞாபகம் இருக்கும்தானே. ஹார்ட் டிஸ்க்கும் பழுதாகும், இணையத்தளத்துக்கும் வருசா வருசம் காசி கட்டணும். தாள் மாரி ஈரத்துக்கும் கறையானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் தப்பிட்டா நூறு வருசத்துக்கு அப்படியே கிடக்கும்.

முழுப் புத்தகத்தையும் போட்டோ கொப்பி அடிக்கலாமா? பிடிஎஃப்ப வட்ஸ்அப் குரூப்புல போட்டா குற்றமா?

2003ம் ஆண்டு 36ம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதினவர் உயிரோட இருக்கிற காலமும் அவர் இறந்து 70 வருசமும் உரிமை அவருக்கும் அவருட ஆக்களுக்கும். படிக்கிறதுக்காக கொஞ்சப் பக்கம் எடுக்கலாம், முழுப் புத்தகத்தையும் அடிக்க இடமில்ல. உயிரோட இருக்கிற எழுத்தாளர்ட புத்தகத்த குரூப்புல போடுறது பிழைதான், அதுவும் எங்கட ஊர் எழுத்தாளர் கைக்காசி போட்டு அச்சடிச்ச புத்தகமெண்டா இன்னும் பெரிய பிழை.

உரிமை முடிஞ்சதுகளுக்குத் தடையில்ல. விபுலானந்த அடிகளார் 1947ல இறந்தவர், 70 வருசம் 2017ஓட முடிஞ்சி, அதால அவருட எழுத்த யாரும் பதிப்பிக்கலாம், பகிரலாம்.

சாட்ஜிபிடிட்ட கேட்டா ரெண்டு நிமிசத்துல சொல்லுதே, லைப்ரரியனுக்கு இனி என்ன வேலை?

பொதுவான விசயத்துக்கு நல்லாத்தான் சொல்லுது, நானும் பாவிக்கிறன். ஆனா அது இணையத்துல எழுத்தா இருக்கிறத வச்சிப் பழகினது. தமிழ்ல இணைய எழுத்துக் குறைவு, மட்டக்களப்பு அம்பாறை பற்றி அதுலயும் குறைவு. மேல சொன்ன ஸ்கேன் புத்தகங்கள் கனக்க படமாத்தான் இருக்கு, எழுத்தா மாறல, அதால தேடினாலும் உள்ள இருக்கிறது புடிபடாது. வடமோடிக் கூத்துக்கும் தென்மோடிக் கூத்துக்கும் என்ன வித்தியாசம், எங்கட தாய்வழிக் குடி முறை எப்படி எண்டு கேட்டீங்க எண்டா நல்ல வசனத்துல பிழையச் சொல்லிட்டும் போகலாம், பிழை எண்டு கண்டுபிடிக்க உங்களுக்கு முதலே விசயம் தெரிஞ்சிருக்கணும்.

அசைன்மென்டுக்கு அது சொல்றத அப்படியே எழுதாம, எந்தப் புத்தகம் எந்தப் பக்கம் எண்டு கேளுங்க, அந்தப் புத்தகம் உண்மையில இருக்கா எண்டு லைப்ரரியில பாருங்க. இல்லாத புத்தகத்துக்கு பேரும் வருசமும் போட்டுத் தாறது அதுக்குப் பழக்கம். லைப்ரரியன்ட புது வேலை இதுதான், எது மெய் எது புளுகு எண்டு பிரிச்சுப் பாக்கப் பழக்கிறது. வட்ஸ்அப்ல வாற வைத்தியக் குறிப்புக்கும் இதே முறைதான்.

கண் பார்வை இல்லாதவங்க லைப்ரரிக்கு வந்து என்ன செய்ற?

இப்ப எங்கட பக்கம் அவங்களுக்கு இருக்கிறது மிச்சம் குறைவு, அத மாத்தணும். அச்சு வாசிக்க ஏலாத ஆக்களுக்கு பிரெய்ல், ஒலிப் புத்தகம் செய்றதுக்கு உரிமைச் சட்டம் தடையா இருக்கக் கூடாது எண்டு மராகேஷ் ஒப்பந்தம் எண்டு ஒண்டு இருக்கு, இலங்கை 2016ல அதுல சேர்ந்திருக்கு. குரல் நல்லா உள்ள ரெண்டு மூண்டு பேர் ஒரு அமைதியான அறையில போன்ல பதிஞ்சாலே தொடங்கலாம், வாசகர் வட்டங்கள் கையில எடுக்க வேண்டிய வேலை இது.

நாங்க படுவான்கரை, லைப்ரரிக்கு வந்து போறதுக்குள்ள நாளே போயிரும், எங்களுக்கு என்ன வழி?

உண்மையான குறை. வாவிக்குக் கடல் பக்கம் இருக்கிற எழுவான்கரையில ரோட்டோரமா லைப்ரரி கிட்டக் கிட்ட இருக்கு, வாவிக்கு அங்கால படுவான்கரையில வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலை உள்பக்கக் கிராமங்களுக்கு பஸ்ஸே எண்ணிக்கைதான், வெள்ளம் வந்தா அதுவும் இல்ல. நடமாடும் நூலகம் எண்டு வாகனத்துல கொண்டு போறது நல்ல முறை, ஆனா டீசலும் டிரைவரும் இல்லாம நிண்டு போற முறையும் அதுதான்.

எனக்குப் புடிச்சது புத்தகப் பெட்டி. ஒரு பெட்டியில தெரிஞ்செடுத்த புத்தகங்களப் போட்டு ஒரு ஊர் முன்பள்ளியிலயோ கோயில் மண்டபத்துலயோ ரெண்டு மாசம் வைக்கிறது, புறகு அடுத்த ஊருக்கு மாத்துறது. பொறுப்புக்கு ஊர்ல ஒரு தங்கச்சி, ஒரு கொப்பி, அவ்வளவுதான் செலவு. பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்து வச்சி பிரதேச சபைக்குக் கடிதம் குடுங்க.

வீட்டுல பழைய புத்தகம் மூட்டை மூட்டையாக் கிடக்கு, கொண்டு வந்து குடுத்தா எடுப்பாங்களா?

பாத்துத்தான் எடுப்பாங்க. பழைய பாடத்திட்டக் கைட், கறையான் அரிச்சது, அட்டை இல்லாதது வேணாம், கறையான் உள்ள ஒரு புத்தகம் ஒரு ராக்கையையே திண்டிரும். நாவல், சிறுவர் புத்தகம், சிங்களம் படிக்கிற புத்தகம், ஊர் மலர்கள் எண்டா சந்தோசமா எடுப்பாங்க. சிங்களப் புத்தகம் ஏன் எண்டா அரச வேலைக்குப் போனவங்க இரண்டாம் மொழி சோதினை பாஸ் பண்ணணும், தேடி வாறவங்க கன பேர்.

சிறுவர் கிளப், சுகாதாரக் கூட்டம், கவியரங்கம் எல்லாம் லைப்ரரிக்குள்ள வைக்கிறாங்க, இதெல்லாம் லைப்ரரிட வேலையா? புத்தகத்துக்குரிய இடத்த கெடுக்கிறாங்க எண்டு நினைக்கன்.

கல்யாண வீட்டு மண்டபம் மாதிரி வாடகைக்கு விட்டா கெடுக்கிறதுதான், அரசியல் கூட்டமும் அங்க வேணாம். ஆனா கூட்டத்துக்கு வந்த ஆக்கள் திரும்பிப் போகும்போது கையில ஒரு புத்தகத்தோட போனா அது லைப்ரரிட வேலை. சக்கரை வருத்தம் பற்றி டொக்டர் கதைக்கிற அண்டைக்கு 610 ராக்கையில இருந்து நாலு நல்ல தமிழ்ப் புத்தகத்த எடுத்து மேசையில வைங்க. வைக்காம வெறும் கூட்டம் மட்டும் நடத்துற இடத்துக்கு உங்கட முறைப்பாடு சரி.

அம்பாறை மாவட்டத்துல தமிழ், முஸ்லிம், சிங்கள ஆக்கள் ஒரே மேசையில இருந்து பேப்பர் வாசிக்கிற இடம் வேற எத்தன இருக்கு எண்டும் யோசிங்க. எனக்கு இது பெரிய விசயம்.

புதுப் புத்தகமே வாறதில்ல, நேரத்துக்குத் திறக்கிறதுமில்ல. லைப்ரரியன்ட கேட்டா கைய விரிக்கிறா. யார்ட்ட போய்க் கேக்கிற?

அவவோட சண்டை பிடிக்காதீங்க, காசி அவட கையில இல்ல. புத்தகத்துக்கு எவ்வளவு, ஆளணி எத்தன எண்டது சபைட வருசாந்த பாதீட்டுலதான் (பட்ஜெட்). 2022க்குப் புறகு தாள் விலையும் டொலரும் ஏறி சென்னையில இருந்து வாற புத்தகத்துட விலை எங்கயோ போயிட்டு, அதே காசிக்கு முந்தி வாங்கினதுல பாதிதான் இப்ப வாங்க ஏலும். 2023 மார்ச்சுல இருந்து 2025 மே 6 தேர்தல் முடியும் வரை சபைகள்ல தெரிவான உறுப்பினரே இல்ல, கேக்கிறதுக்கும் ஆளில்ல. இப்ப அனேகமான சபைகள்ல இருக்காங்க. உங்கட வட்டார உறுப்பினர்ட்ட பாதீடு போட முதல், செப்டெம்பர் ஒக்டோபர்லயே போய்க் கதைங்க, டிசம்பர்ல போனா முடிஞ்சிருக்கும். போகும்போது முதல்ல சொன்ன அந்தக் கையெழுத்துப் புத்தகத்துல மாசம் எத்தன ஆள் வந்திருக்காங்க எண்ட கணக்க எழுதிட்டுப் போங்க, வாயால சொல்றதுக்கும் கணக்க வைக்கிறதுக்கும் மரியாதை வேற.

பதில் வராட்டி 2016ம் ஆண்டு 12ம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. போன வருசம் புத்தகத்துக்கு எவ்வளவு ஒதுக்கின, எவ்வளவு செலவழிச்ச, எந்தெந்தப் புத்தகம் வாங்கின, திறக்கிற நேரம் என்ன, இவ்வளவையும் எழுதி சபைட தகவல் அலுவலர்ட்ட குடுங்க. ஏன் கேக்கிறீங்க எண்டு காரணம் சொல்லத் தேவையில்ல, எழுத ஏலாட்டி வாயால சொன்னா அவரே எழுதி எடுக்கணும். 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லணும். சொல்லாட்டி அதே சபையில குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுக்கும் சரிவராட்டி கொழும்புல தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. குடுக்கிற கடிதத்துட கொப்பியில திகதி போட்டு சீல் அடிச்சு வாங்கிட்டு வாங்க, அடுத்த படிக்குப் போறதுக்கு அது உதவும்.